ஒற்றுப்பிழை கடைசியில்: கட்டுரை வரைவைத் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டுரையை எழுதி முடித்ததும் பலரும் முதலில் தேடுவது ஒற்றுப்பிழையைத்தான். "சென்னைக்கு குடிநீர்" என்று இருந்தால் நடுவில் ஒரு "க்" போடுவார்கள், எங்கோ ஒரு "ல"வை "ள" ஆக்குவார்கள், இரண்டு காற்புள்ளி சேர்ப்பார்கள், திருத்தியாயிற்று என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வாக்கியமே கட்டுரைக்குத் தேவையா, அந்தப் பத்தி அங்கேதான் வர வேண்டுமா என்று யோசிப்பதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்து ஒற்று பார்த்த பத்தியைப் பிறகு வெட்ட மனசு வராது. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: கருத்து, பத்திகளின் வரிசை, தகவல், வாக்கியம், எல்லாம் முடிந்த பிறகே எழுத்தும் ஒற்றும்.

வெறும் விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஆகவே ஒரு வரைவை முன்னால் வைத்துக்கொள்வோம். கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு மாணவர் "சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம்" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலர்க் குழு கேட்டது 1,000 சொல், வந்திருப்பது 1,500. மொத்தம் எட்டுப் பத்தி.

1. ஆறப் போடுங்கள், பிறகு தாளில் படியுங்கள்

எழுதிய அன்றே திருத்த உட்காராதீர்கள். எழுதியவருக்குத் தான் சொல்ல நினைத்ததுதான் கண்ணில் படும், தாளில் இருப்பது படாது. ஒரு ராத்திரி இடைவெளி கிடைத்தாலும் போதும். மறுநாள் பிரிண்ட் எடுத்துப் படியுங்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போக முடியாவிட்டால் எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டுப் படியுங்கள். பழகிய பக்கம் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், அதுதான் தேவை.

இந்த முதல் வாசிப்பில் எதையும் திருத்தாதீர்கள். சலிப்பு தட்டும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

2. கட்டுரை சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம்" ஒரு பொருள் மட்டுமே. அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்? வரைவைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கோளாறு நடையில் இல்லை, கட்டுரைக்கே இன்னும் முதுகெலும்பு வரவில்லை.

நம் மாணவர் இப்படி எழுதுகிறார்: "சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணம் மழைக் குறைவு அல்ல, பெய்த மழையைத் தேக்க இடம் இல்லாததுதான்." நல்ல வாக்கியம். யாராவது மறுத்துப் பேச இடம் தருகிறது. மறுக்கவே முடியாததைச் சொல்லும் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இது அவருடைய வரைவோடேயே மோதுகிறது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததையும், அதனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டதையும் ஆறாம் பத்தியில் அவரே எழுதியிருக்கிறார். மழை குறைந்தது உண்மை. அப்படியிருக்க "மழைக் குறைவு அல்ல" என்று எப்படிச் சொல்வது? இரண்டு வழி உண்டு: அந்தத் தகவலை மறைப்பது, அல்லது கருத்தைத் திருத்துவது. முதலாவது நேர்மையில்லை, வாசகர் கண்டுபிடித்துவிடுவார் என்பதும் நிச்சயம். எனவே: "மழைக் குறைவு மட்டும் காரணமல்ல, 2015-இல் கொட்டிய மழையையும் நாம் தேக்கி வைக்கவில்லை." ஒரு "மட்டும்" சேர்ந்ததில் கட்டுரை தாங்க வேண்டிய பாரம் சரியாகிவிட்டது. இப்படி வரும் துண்டுத் தாளைக் கடைசிவரை மேஜையில் வைத்திருங்கள். எந்தப் பத்தியை வைப்பது, எதை வெட்டுவது என்பதை அதுதான் சொல்லும்.

3. ஒவ்வொரு பத்தியும் செய்யும் வேலையை ஓரத்தில் குறியுங்கள்

பத்தி எதைப் பற்றியது என்று எழுத வேண்டாம், என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். நாலைந்து சொல் போதும். மாணவரின் எட்டுப் பத்திக்கும் ஓரக்குறிப்பு இப்படி வந்தது:

ஒன்று: குறள், தண்ணீரின் பெருமை. இரண்டு: உலகத்தில் நன்னீர் எவ்வளவு. மூன்று: சென்னையின் ஏரிகள் எவை. நான்கு: 2015 வெள்ளம். ஐந்து: மழைநீர் சேகரிப்புச் சட்டம். ஆறு: 2019 வறட்சி, தண்ணீர் ரயில். ஏழு: மறுபடி 2015, இந்த முறை ஆக்கிரமிப்பு. எட்டு: அரசும் மக்களும் கைகோக்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்ததும் நோய் தெரிகிறது. முதல் இரண்டு பத்தியும் எழுத்தாளர் சூடேறுவதற்காக எழுதியவை. தண்ணீரின் அருமையை வாசகருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர் வீட்டிலும் குடம் தூக்கியிருப்பார்கள். 2015 இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. கட்டுரையில் மிக உயிருள்ள விஷயம், அதாவது தண்ணீர் ரயில், ஆறாம் பத்தியில் ஒளிந்திருக்கிறது.

கத்தரிக்கோலால் பத்திகளை வெட்டித் தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். கணினியில் வெட்டி ஒட்டுவதைவிட இது பயனுள்ளது, எல்லாப் பத்தியும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். புதிய வரிசை: ஆறு (ரயில்), மூன்று (ஏரிகள்), நான்கும் ஏழும் சேர்ந்து (2015), ஐந்து (சட்டம்). ஒன்று, இரண்டு, எட்டு ஆகிய மூன்று பத்தியும் போயே போச்சு. 1,500 சொல் ஏறக்குறைய 1,000 ஆகிவிட்டது, இன்னும் ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடவில்லை.

வெட்டியதை அழித்துவிட வேண்டாம். "வெட்டியவை" என்று தனிக் கோப்பு ஒன்று வையுங்கள். அது இருந்தால் வெட்டக் கை துணியும். அதிலிருந்து திரும்ப எடுப்பது அபூர்வம்.

ஓர் எச்சரிக்கை. பள்ளித் தேர்வுக் கட்டுரைக்கு இந்தக் கத்தரி ஒத்துவராது. அங்கே முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு, மேற்கோளுக்கும் உண்டு. நாம் பேசுவது வாசகர் பாதியில் மூடி வைக்கக்கூடிய கட்டுரையைப் பற்றி.

4. எண், ஆண்டு, பெயர்: ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்

தாளில் இருக்கும் எல்லா எண்ணையும் ஆண்டையும் இடப்பெயரையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் மூலம் ஒன்று வேண்டும். "எங்கேயோ படித்தேன்" கணக்கில் வராது.

மாணவரின் வரைவில் "செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 24 அடி" என்று ஒரு வரி. செய்தியில் தினமும் கேட்டு மனதில் பதிந்த எண்தான். ஆனால் 24 அடி என்பது நீர்மட்டத்தின் உச்சம், கொள்ளளவு அல்ல. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டி.எம்.சி.க்குச் (டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) சற்று மேல். அடியையும் கன அடியையும் குழப்பிய கட்டுரையை விஷயம் தெரிந்தவர் ஒருவர் படித்தால் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்.

இன்னொரு வரி: "2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது." இதில் "வினாடிக்கு" விட்டுப்போயிருக்கிறது. ஒரு சொல் போனதில் பெருவெள்ளம் ஒரு குட்டையளவு ஆகிவிட்டது.

மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்கு மாணவர் 2001 என்று போட்டிருந்தார். புதிய கட்டடங்களுக்கு அந்த விதி முதலில் வந்துவிட்டது, ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்கிய அவசரச் சட்டம் வந்தது 2003-இல். கட்டுரை பேசுவது எல்லா வீடுகளையும் பற்றி என்றால் 2003 என்று எழுத வேண்டும். தவறான ஆண்டு பல நேரம் கற்பனையில் பிறப்பதில்லை, பக்கத்து உண்மையிலிருந்து நழுவி வருகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

தனியாக நிற்கும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒப்பிட இன்னொரு எண் வேண்டும். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கம் வந்த முதல் தண்ணீர் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். கேட்டால் பெரிதாகத் தெரியும். அந்தக் கோடையில் குறைத்து வழங்கியபோதும் நகரத்துக்கு நாளொன்றுக்கு 50 கோடி லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ரயில் கொண்டுவந்தது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். "மக்கள் பெரும் அவதிக்கு உள்ளானார்கள்" என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

5. இப்போதுதான் வாக்கியம்

இந்தக் கட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ரயில் பத்தி வரைவில் இப்படி இருந்தது:

"சென்னை மாநகரம் என்பது தமிழ்நாட்டின் தலைநகரம் ஆகும். சென்னைக்கு குடிநீர் வழங்கக்கூடிய முக்கியமான ஏரிகளாக செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் போன்ற ஏரிகள் விளங்கி வருகின்றன. 2019ஆம் ஆண்டில் இந்த ஏரிகள் அனைத்தும் முற்றிலும் வறண்டு போன நிலை ஏற்பட்டது. இதன் காரணமாக மக்கள் பெரும் அவதிக்கு உள்ளாக்கப்பட்டனர். மேலும் ஜோலார்பேட்டையில் இருந்து ரயில் மூலமாக தண்ணீர் கொண்டு வரப்பட வேண்டிய சூழ்நிலை உருவானது என்பது குறிப்பிடத்தக்கது."

இலக்கணப்படி பெரிய குறை இல்லை. ஆனால் படிக்கையில் தூக்கம் வருகிறது. ஏன் என்று வரிவரியாகப் பார்ப்போம்.

முதல் வாக்கியம் யாருக்கும் தெரியாத எதையும் சொல்லவில்லை, அடியுங்கள். "வழங்கக்கூடிய", "விளங்கி வருகின்றன": இரண்டும் "தரும்" என்ற ஒரு சொல்லின் வேலையைச் செய்ய வரிசையில் நிற்கின்றன. "போன்ற" என்று எழுதினால் இன்னும் சில ஏரிகள் உண்டு, எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அர்த்தம். நாலையும் பெயர் சொல்லியாகிவிட்டது, "இந்த நான்கு" என்று எண்ணிச் சொல்லலாமே. "வறண்டு போன நிலை ஏற்பட்டது" என்பதில் ஏரி வறளவில்லை, ஏதோ ஒரு நிலைதான் ஏற்பட்டிருக்கிறது. "வறண்டன" என்று எழுதினால் ஏரி வறளும். "என்பது குறிப்பிடத்தக்கது" செய்தித்தாள் வால். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டீர்கள்? "மேலும்" வருகிற இடத்திலெல்லாம் நின்று யோசியுங்கள். முன் வாக்கியத்துக்கும் பின் வாக்கியத்துக்கும் தொடர்பு தெரியாதபோதுதான் பெரும்பாலும் அந்தச் சொல் கைக்கு வருகிறது.

திருத்திய பிறகு:

"செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம்: சென்னைக்குக் குடிநீர் தரும் இந்த நான்கு ஏரிகளும் 2019 கோடையில் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். குறைத்து வழங்கிய அந்த நாட்களிலும் நகரம் தினமும் 50 கோடி லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தது."

சொற்கள் குறைந்தன, தகவல் கூடியது. (பூண்டி உண்மையில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி உண்டாக்கிய நீர்த்தேக்கம். ஊர்வழக்கில் ஏரி என்றே சொல்கிறோம். பொறியியல் மலருக்கு எழுதினால் "நீர்த்தேக்கம்" என்று போடுங்கள், பொது வாசகருக்கு ஏரியே போதும்.)

அடுத்து "பட்டது" வினைகளைத் தேடுங்கள். "திறக்கப்பட்டது", "ஆக்கிரமிக்கப்பட்டன", "நிறைவேற்றப்பட்டது". எல்லாவற்றையும் ஒழிக்கச் சொல்லவில்லை. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், தெரிந்தும் முக்கியமில்லாதபோதும் இருக்கட்டும். ஆனால் 2015 பற்றிய பத்தியில் "செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது" என்று எழுதுவது வேறு கதை. அந்த வெள்ளத்தைப் பற்றிய சண்டையே யார், எப்போது, யாரைக் கேட்டுத் திறந்தார்கள் என்பதில்தான். அங்கே "பட்டது" போட்டால் கட்டுரை பதில் சொல்ல வேண்டிய கேள்வியை வினைச்சொல்லே விழுங்கிவிடும். செய்தவரை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

அடைமொழி எதன்மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். "ஆக்கிரமிக்கப்பட்ட ஏரிக்கரையோர வீடுகள்" என்றால் ஆக்கிரமித்தது கரையையா, வீடுகளையா? வீட்டை யாரோ பிடுங்கிக்கொண்டது போலவும் படிக்கலாம். "ஏரிக்கரையை ஆக்கிரமித்துக் கட்டிய வீடுகள்" என்றால் குழப்பமில்லை.

தமிழில் வினை கடைசியில் வருவதால் நீண்ட வாக்கியத்துக்கு ஒரு தனி ஆபத்து. "என்று", "ஆகையால்", "போது" என்று கோத்துக்கொண்டே போனால் வினை வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள். மூன்று வரி இடைவெளி இருந்தால் உடையுங்கள். அதற்காக எல்லாவற்றையும் ஐந்து சொல் வாக்கியமாக நறுக்கவும் வேண்டாம், பேப்பர் தலைப்புச் செய்தி போல ஆகிவிடும்.

சொல் தேர்வில் எனக்கு ஒரே கட்சி: மக்கள் சொல்கிற சொல். தண்ணீர் லாரி தண்ணீர் லாரியாகவே இருக்கட்டும். அதை "நீர்ச் சரக்குந்து" ஆக்கினால் வரிசையில் குடத்தோடு நின்றவர்களுக்கே அடையாளம் தெரியாது. உங்கள் இதழுக்கு வேறு நடைமுறை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஆனால் ஒரு பத்தியில் லாரி, அடுத்த பத்தியில் சரக்குந்து என்று கலக்காதீர்கள். ரயில் அல்லது இரயில், நாட்கள் அல்லது நாள்கள், 2019இல் அல்லது 2019-ல்: எதை எடுத்தாலும் கடைசிவரை அதுவே.

6. வாய்விட்டுப் படியுங்கள்

மனதுக்குள் படிப்பது உதவாது, சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம், நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்தடுத்து நாலு வாக்கியம் "உள்ளது" என்று முடிந்தால் காது உடனே சொல்லிவிடும். கூச்சமாக இருந்தால் போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள்.

7. இன்னொருவரிடம் கொடுங்கள், ஆனால் கேள்வியோடு

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பரா இருக்குடா மச்சி" என்றுதான் பதில் வரும். நண்பனுக்கு உங்கள் மனசு முக்கியம், கட்டுரை அல்ல. மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது? எந்த வரியை இரண்டு தடவை படித்தாய்? நான் என்ன சொல்கிறேன் என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் உங்கள் துண்டுத் தாளோடு ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவர் குறை சொன்ன இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு அவர் சொல்லும் மருந்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

8. கடைசியாக எழுத்தும் ஒற்றும்

இப்போது எல்லா வாக்கியமும் நிலைத்துவிட்டன, பிழை பார்க்கலாம். கடைசி வாக்கியத்திலிருந்து மேல் நோக்கிப் படித்து வாருங்கள். கதையோட்டம் அறுந்துபோவதால் கண் சொல்லில் நிற்கும்.

ஒருமை பன்மை முதலில். "ஏரிகள் வறண்டது" தவறு, வறண்டன. "ஒவ்வொரு ஏரிகளும்" தவறு, ஒவ்வொரு ஏரியும். உயிரெழுத்துக்கு முன் ஓர்: ஓர் ஏரி, ஒரு குளம்.

ஒற்றில் எல்லா விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அடிக்கடி வரும் சிலவற்றைப் பிடித்துக்கொண்டாலே முக்கால்வாசி சரியாகும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கினால், "ஐ", "கு" உருபுகளுக்குப் பின்னால் ஒற்று மிகும்: ஏரியைத் தூர்வாரினார்கள், சென்னைக்குக் குடிநீர். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின்னாலும் மிகும்: அந்தக் கரை, இப்படிச் செய்தார்கள். வறண்ட, பெய்த போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வறண்ட கிணறு, பெய்த கனமழை. எழுவாய்க்குப் பின் வினை வந்தாலும் மிகாது: மழை பெய்தது, ஏரி பெருகியது. ஒற்று விட்டுப்போகுமோ என்ற பயத்தில் "மழைப் பெய்தது" என்று எழுதுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். விட்ட ஒற்றைவிட இது கண்ணை அதிகம் உறுத்துகிறது.

எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இணையத்தில் இலவசத் தமிழ்க் கருவிகள் உண்டு. பயன்படுத்துங்கள், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். "கரை உடைந்தது" என்பதை "கறை உடைந்தது" என்றும், "தூர்வாரும் பணி"யை "தூர்வாரும் பனி" என்றும் தட்டியிருந்தால் கருவி பேசாமல் இருந்துவிடலாம், ஏனென்றால் கறையும் பனியும் சரியான சொற்கள்தான். குரல் தட்டச்சில் எழுதியவர்கள் ர, ற, ன, ண, ல, ள, ழ ஆகியவற்றுக்கென்றே தனியாக ஒரு முறை படிப்பது நல்லது. நிறுத்தக்குறிகளையும் அதே சுற்றில் பார்த்துவிடுங்கள், குரலில் எழுதினால் பாதி விட்டுப்போயிருக்கும்.

9. தலைப்பு, பிறகு அனுப்புதல்

"சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம்" என்ற தலைப்பு இப்போது கட்டுரைக்குப் பொருந்தவில்லை. ரயிலில் தொடங்கி 2015-க்குப் போய்ச் சட்டத்தில் முடிகிற கட்டுரை இது. "வெள்ளமும் தண்ணீர் ரயிலும்" என்று மாணவர் மாற்றினார். நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே ஊருக்கு இரண்டும் வந்தன என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

எப்போது நிறுத்துவது? காலையில் எடுத்த காற்புள்ளியை மாலையில் திரும்பப் போட்டால் வேலை முடிந்துவிட்டது. யூனிகோட் எழுத்துருவில், வேர்ட் கோப்பாகவோ கூகுள் டாக்ஸ் இணைப்பாகவோ அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிட்டு இன்னொரு முறை படித்துப் பாருங்கள், மாற்றும்போது சில எழுத்து சிதையும். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் ஆசிரியர் குழு திருத்த வழியில்லாமல் உங்களைத் திரும்பக் கூப்பிடும். கோப்புக்கு "ஃபைனல்", "ஃபைனல்2", "உண்மையான ஃபைனல்" என்று பெயர் வைக்காமல் தேதியைப் போட்டு வையுங்கள்.